எனக்கு ஆகாதது நண்டு அல்ல

முதல் அறிகுறி எரிச்சல். உறவு முடிந்த பத்தாவது நிமிடம், மிளகாய் அரைத்த கை பட்டது போல. பிறகு வீக்கம். கை, கழுத்தெல்லாம் தடிப்பு. மறுநாள் மதியம் தானாக அடங்கும்.

என் கணவர் செல்வினுக்குத் துபாயில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதம்தான் எனக்கு நோயும். அவர் விமானம் ஏறினால் அதுவும் ஏறிப் போய்விடும். இதைச் சொன்னபோதாவது யாருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டாமா?

முதல் டாக்டர் தொற்று என்று மாத்திரை தந்தார். பரிசோதனையில் கிருமியே இல்லை. அதற்கும் ஒரு மாத்திரை. இரண்டாமவர், "கல்யாணமான புதுசுல அப்பிடித்தான் இருக்கும்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷம், டாக்டர்!

அவர் கொண்டுவந்த துபாய் சோப்பாக இருக்குமோ என்று அதைத் தூக்கிப் போட்டேன். மாமியார் கண்டுபிடித்தது நண்டை. அவர்கள் கடற்கரை ஊரான முட்டத்துக்காரர், மகன் வந்தால் வீட்டில் தினமும் நண்டுக் குழம்பு. "ஒனக்கு நண்டு ஆகல மக்கா" என்றார்கள். அன்றோடு நண்டு நின்றது. எரிச்சல் நிற்கவில்லை.

அடுத்த லீவில் நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டர், ஒவ்வாமை மருத்துவர், ஒரே கேள்வி கேட்டார்.

"ஆணுறை போட்டா வருதா?"

"போட்டதே இல்ல டாக்டர். பிள்ளை வேணும்லா."

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க."

வரவில்லை. இந்த ஒரு கேள்விக்கா இத்தனை அலைச்சல்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செல்வினுடைய விந்துத் திரவத்தில் ஒரு துளியை என் கையில் வைத்து ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். தடித்தது. விந்துத் திரவ ஒவ்வாமை (விந்தில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைப்பது). உயிரணுவின் மேல் குற்றமில்லை, அது மிதக்கும் திரவத்தின் மேல்தான்.

"அப்போ நாந்தானா ஒன் நோய்?" என்றார் செல்வின்.

"நீங்க இல்ல, ஒங்க புரதம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது. ஆணுறையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்றால் எப்படி?

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, நீர்த்த விந்துத் திரவத்தை மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி உடம்பைப் பழக்குவது. பழகியது மறக்காமலிருக்க, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு தொடர வேண்டுமாம். துபாயிலிருந்தா? மற்றது, திரவத்தைக் கழுவி நீக்கி, உயிரணுவை மட்டும் கருப்பைக்குள் வைப்பது. செல்வின் லீவை நீட்டினார். கழுவும் வழியில் போனோம்; இரண்டாவது முயற்சியில் கரு தங்கியது.

இதே தொல்லை உள்ளவர்களுக்கு: வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, எப்போது வருகிறது என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாமியிடம் மட்டும் "நண்டு அலர்ஜிதான்" என்று சொல்லி வைத்திருந்தேன். சொந்தச் செலவில் சூனியம்! ஐந்தாம் மாதம் நண்டு மேல் அப்படியொரு ஆசை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, எனக்கு ரசம்.

"மாமி, எனக்கு ஆகாதது நண்டு இல்ல. ஒங்க மவன்தான்."

எல்லாவற்றையும் விளக்கினேன். அகப்பை கையிலேயே நின்றது.

"ஏட்டி, இத மொதல்லயே சொல்லப்பிடாதா? இத்தன நாளு நண்டும் தின்னாம…" என்று இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார்கள்.

முன்பு காலத்தை அவருடைய லீவை வைத்து எண்ணினேன். அது நெருங்க நெருங்க என் உடம்பை நினைத்தே பயப்படுவேன். இப்போது வாரம் வாரமாக எண்ணுகிறேன். உள்ளே அசைவதில் பாதி செல்வின். என் உடம்பு அதை ஒன்றும் சொல்லவில்லை.