திரும்பி வர ஒரு விசா

போன வாரம் என் மகள் கைப்பேசியை நீட்டி, "விசா வந்துருச்சுப்பா" என்றாள். கைப்பேசியிலேயே விண்ணப்பித்து, ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிட்டது. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் போட்டோ ஸ்டூடியோவின் மருந்து வாடை மூக்கில் ஏறும்.

அப்போது நான் தலவாக்கலையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில் வீடு. ஒருநாள் மத்தியானம் துறையூரிலிருந்து அம்மாவுக்குத் தந்தி வந்தது: அவளுடைய அப்பாவுக்கு நோய் கடுமை, உடனே புறப்படவும். கலியாணமாகி இங்கே வந்தவள் அம்மா. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது; போவதற்குத் தடையில்லை. திரும்பி வருவதற்குத்தான் கொழும்பில் விசா வாங்க வேண்டும். அது இல்லாமல் கப்பல் ஏறியவர்கள் அக்கரையிலேயே நின்றுபோனதைத் தோட்டமே அறியும்.

"போகாட்டி அப்பா மொகத்தப் பாக்க முடியாது. போயிட்டு வர முடியாட்டி ஒங்க மொகத்தப் பாக்க முடியாதேடா" என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே விசாவுக்குப் படம் எடுக்க, ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனோம். "தங்கச்சி, அழுதா படம் ஆடிப்போயிரும். கொஞ்சம் மூச்சப் புடிச்சிக்கங்க" என்றார். விடிந்ததும் படத்தை ஈரத்தோடு தந்தார். கொழும்பு ரயிலின் ஜன்னலுக்கு வெளியே நீட்டி அதைக் காயவைத்தது என் புத்தி. கினிகத்தேனை மலைகள் கடந்து போகும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவேயில்லை. "காத்து அடிச்சிட்டுப் போயிரும்டா, உள்ள எடு!"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசா கந்தோரின், அந்த அலுவலகத்தின் பெரிய உத்தியோகத்தரிடம் பேச, கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, நாலு இங்கிலீஷ் வாக்கியங்களை வழியெல்லாம் உருப்போட்டுப் போயிருந்தேன். அவர் சிங்களத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். இங்கிலீஷ் ஆவியாகிவிட்டது.

"என்னடா கேக்குறாரு?"

"ஏன் திரும்பி வரணும்னு கேக்குறாரும்மா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "எம் புள்ளைங்க இங்கதானங்க இருக்கு. வேற எங்க போவேன்?"

அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. அவருக்குத் தமிழ் வருமோ என்னவோ. நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் கையைக் காட்டி, வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார். ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். கப்பல் துறைக்குப் போகும் தலைமன்னார் மெயில் ரயில் போய்விடும் என்று நான் துடிக்க, அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பியூன் வந்து பாஸ்போர்ட்டை நீட்டினான். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் இரவல் கோட்டின் தையல் விட்டுப்போனது.

அம்மா போய்ச் சேர்ந்தபோது தாத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். "புள்ளைங்கள விட்டுட்டு எதுக்குடி வந்தே?" என்று திட்டினாராம். அம்மா திரும்பி வந்து அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

சில வருஷம் கழித்து தாத்தாவுக்கு மறுபடியும் முடியவில்லை என்று கடிதம் வந்தது. பட்ட பாடு போதுமென்று, இம்முறை நான் முன்கூட்டியே கொழும்புக்குப் போய் விசாவை வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் உடனே வரச் சொல்லித் தந்தி வருவதற்குச் சில நாள் முன்பு, கப்பல் போய் இறங்கும் தனுஷ்கோடியைப் புயல் அழித்துவிட்டது. துறை இல்லை, தண்டவாளம் இல்லை, கப்பல் போய்ச் சேர அக்கரையில் ஊரே இல்லை. அம்மா விசாவை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எந்த வழியாடா போறது?" என்று என்னைக் கேட்டாள்.