வாசலில் காத்திருந்த கும்பம்

1961ஆம் ஆண்டு வரலட்சுமி நோன்பு. கும்பத்தில் அம்மனை எழுந்தருளச் செய்து, வாசலிலிருந்து வீட்டுக்குள் அழைத்துவருவது வழக்கம். நிலாவெளித் தெய்வானைப்பிள்ளையோ கும்பத்தை ஏந்தியபடி வாசலிலேயே நின்றாள். சிங்கப்பூருக்கு உழைக்கப் போன கணவர் வினாசித்தம்பியின் கப்பல் திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்துவிட்டதென்று காலையில் கேள்விப்பட்டிருந்தாள்.

"கற்பூரம் அணையப்போகுது மச்சாள், உள்ளுக்கு வாங்கோ," என்றாள் கணவரின் தங்கை அன்னப்பிள்ளை.

"பொறு, பட்டினத்து பஸ் வரட்டும்."

"லட்சுமியைக் கூப்பிடுறியளோ, அண்ணரையோ?"

தெய்வானைப்பிள்ளை சிரிக்கவில்லை. "முந்திச் செல்வம் கேட்டனான். அம்மன் ஓட்டு வீட்டைத் தந்திட்டு, அவரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோயிட்டா."

பஸ் வந்தது; நிற்காமல் குச்சவெளிப் பக்கம் போனது. புழுதி அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டுக் கும்பத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"இப்பவாவது கேளுங்கோ," என்று அன்னப்பிள்ளை பூவை நீட்டினாள்.

அம்மன் காலடியில் பூவை இட்டாள். வாய் எதையும் கேட்கவில்லை. காது மட்டும் வாசலிலேயே இருந்தது.