தம்பதி சமேதராய் ஒரு சண்டை

நியாயம் என்றால் அச்சுதனுக்கு உயிர். ஆனால் அந்த நியாயம் கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அடுத்தவன் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வித்தையை மேற்குத் தாம்பரத்து வீட்டிலும் இலவசமாகச் செய்துகாட்டுவான்: சாம்பாரில் உப்பு கம்மி, சட்டையில் மடிப்பு சரியில்லை. அவன் மனைவி மிருதுளா பள்ளிக்கூட டீச்சர். சமைத்துவிட்டு ஓடி, பாடம் நடத்திவிட்டுத் திரும்பி, மறுபடியும் சமைக்கிறவள். அவன் சொல்லும் குற்றங்களை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் குரோம்பேட்டையில் கழிந்தன. அங்கே அக்தர் என்ற நண்பன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். இணையத்தில் சும்மா கிடைத்த ஒரு சண்டை விளையாட்டைப் பிரித்து மேய்ந்து, அதற்குள் நம்மூர் ஆட்களை நுழைத்துக்கொண்டிருந்தது அக்தரின் கூட்டம். இந்தத் திருப்பணிக்கு 'மோட்' என்று பெயர். ஆட்டோக்காரரும் மீன்காரம்மாவும் டிராஃபிக் போலீசும் ஏற்கெனவே உள்ளே போய் ஒருவரையொருவர் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். அச்சுதன் செய்த ஆள் ஒருவன்கூடத் தேறவில்லை. ஒன்று, தொட்டாலே விழுவான். இல்லாவிட்டால், அவன் தொட்டவர் எல்லாம் விழுவார்கள்.

இந்தமுறை அவன் ஜோடியாக இறக்கினான். முன்னால் கணவன் நின்று சண்டை போடுவான். பட்டனைத் தட்டினால் மனைவி ஓடிவந்து ஒரு அடி கொடுத்துவிட்டு மறைவாள். 'தம்பதி' என்று பெயரும் வைத்தான். பொங்கலுக்கு வெளியாகும் புது மோட்டில் அந்த ஜோடி இடம்பிடிக்க வேண்டும், அதன் கீழே தன் பெயர் வர வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷமான ஒரு மனிதனுக்கு வேறு கவலையே இல்லை என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் உண்மை அதுதான்.

அக்தர் ஆடிப் பார்த்துவிட்டுக் கீபோர்டைத் தள்ளினான்.

"இன்னா மச்சான் இது, பேஜாரா கீது! தட்ன ஒடனே அந்தம்மா வந்து நிக்குது. எத்தினி தபா கூப்ட்டாலும் வருது. டயர்டே ஆவ மாட்டேங்குது. இவங்கள எவன் அடிக்கிறது?"

"பொண்டாட்டின்னா அப்படித்தானேடா?" அச்சுதன் நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"எங்க வூட்ல ரூக்சார இப்டி கூப்ட்டுப் பாரு, மொதல் அடி எனக்குத்தான் வுழும். ஒழுங்கா பேலன்ஸ் பண்ணிட்டு வா. அடுத்த ஞாயித்துக்கெழமயும் இதே மாதிரி இருந்துச்சுன்னா தூக்கிடுவேன்."

அச்சுதன் திரையிலிருந்த மனைவியின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தான். உடனே கணவன் மீன்காரம்மாவிடம் செருப்படி வாங்கினான். இன்னும் கொஞ்சம் குறைத்தபோது டிராஃபிக் போலீஸ் அவனை உட்காரவைத்தார். அவனுடைய வீரம் முழுக்க அவளிடம்தான் இருந்தது. இதிலிருந்து வேறொருவன் ஏதாவது கற்றுக்கொண்டிருப்பான். அச்சுதனோ ஆளை மாற்றிப் போட்டான். இனி மனைவி முன்னால் நின்று அடிப்பாள். கூப்பிட்டால் கணவன் வருவான்.

கூப்பிடுவதற்குக் குரல் வேண்டும். அடுப்படியிலிருந்த மிருதுளாவை இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினான்.

"என்ன சொல்லணும்?"

"என்னை எப்படிக் கூப்பிடுவியோ, அப்படியே கூப்பிடு."

கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. "என்னங்க!" என்று ஒரே கத்தாகக் கத்திவிட்டு, அவள் குக்கரை இறக்கப் போனாள். பதில் குரலை அச்சுதனே கொடுத்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது: "தோ வரேன்... ரெண்டே நிமிஷம்."

அங்கேதான் பிசகு. அந்த விளையாட்டில் குரல் ஓடி முடிந்தால்தான் ஆள் நகர முடியும். கூப்பிட்டவரும் அதுவரை அசையாமல் நிற்பார். அதற்காகவே மற்றவர்கள் "டேய்", "ஹா" என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார்கள். ஊரார் பிழையைக் கண்டு பிழைப்பவனுக்குத் தன் பிழை கண்ணில் படவில்லை. எந்த ஆட்டத்திலும் ஜோடி தேறாமல் போனபோது, அவன் வாரம் முழுக்க ஹாலில் உட்கார்ந்து திரை மனைவியின் உதைக்குப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனான். மிருதுளா துணி மடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரவிக்கைத் துணி எடுக்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தவளையும் கூட்டிக்கொண்டே சென்டருக்குப் போனான். தன் வெற்றியைப் பார்க்க ஆள் வேண்டுமே. அக்தர் மீன்காரம்மாவை எடுத்தான். அடி விழுந்ததும் அச்சுதன் பட்டனைத் தட்டினான். "என்னங்க!" என்றாள் திரையிலிருந்த மனைவி. "தோ வரேன்..." என்று கணவன் ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மீன்காரம்மா அவளைக் கூடையாலேயே சாத்திப் படுக்கவைத்துவிட்டாள். பிறகு கணவன் ஜம்மென்று வந்து காற்றைக் குத்தினான். சென்டரே சிரித்தது.

"சாரி மச்சான், தூக்கிடறேன்," என்றான் அக்தர்.

அச்சுதனுக்கு அழுகை வராத குறை. "அந்தக் குரலைச் சுருக்கிடறேன்டா, ஒரே ஒரு..."

"நான் ஒரு தடவை ஆடட்டுமா?" என்று மிருதுளா கீபோர்டை வாங்கிக்கொண்டாள்.

மீன்காரம்மா விழுந்தாள். ஆட்டோக்காரர் விழுந்தார். டிராஃபிக் போலீஸ் தொப்பி தனியாக, ஆள் தனியாக விழுந்தார். ஒரு தடவைகூட அவள் அந்தப் பட்டனைத் தொடவில்லை.

"எப்டி சிஸ்டர்?" அக்தர் வாயைப் பிளந்தான்.

"இவரைக் கூப்பிடறதுதான் தப்புங்கண்ணா. கூப்பிட்டுட்டு, வருவார்னு நிக்கறோம் பாருங்க, அப்பதான் அடி விழுது." வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் சொன்னாள். கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அச்சுதன் சமாளித்திருப்பான். இல்லாததுதான் அவனைச் சுருக்கென்று தைத்தது.

அக்தர் தாடையைச் சொறிந்தான். "அப்ப ஒண்ணு செய்லாம். புருசன எடுத்துட்டு, அந்தம்மாவ மட்டும் வெச்சுக்கலாமா?"

எல்லோரும் அச்சுதனைப் பார்த்தார்கள். அவன் மிருதுளாவைப் பார்த்தான். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம்ணா, பாவம். ஓரமா நிக்கட்டும். நாலு பேர் பாக்க ஜோடியா இருந்தாதான் லட்சணம்."