தாய்மாமன் மடியும் பிடித்துக்கொண்ட இடுப்பும்

தண்ணீர்க் கேனைத் தூக்குகிறேன் பேர்வழி என்று குனிந்தேன். இடுப்பில் 'வெடுக்'கென்று ஏதோ இழுத்தது. அப்படியே சமையலறைத் தரையில் மண்டி போட்டுவிட்டேன். அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அடையாறில் என் தங்கையின் குழந்தைக்குக் காதுகுத்து.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். வேறு சமயமாக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து சமாளித்திருப்பேன். இது ஒன்பது வருஷம் காத்திருந்து தங்கை தத்தெடுத்த பெண் குழந்தை. "தத்துப் புள்ளைக்கு எந்தத் தாய்மாமன் வந்து மடி குடுக்கப் போறான்?" என்று அவளுடைய மாமியாரின் அக்கா எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லித் தங்கை போனில் அழுதாள். இப்போது போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றால் யார் நம்புவார்கள்? சாக்குச் சொல்கிறான் என்பார்கள். பொய் சொல்வானேன், 'தங்கை எடுத்து வளர்க்கிற குழந்தை' என்றுதான் நானும் அதுவரை ஆபீசில் சொல்லிவந்தேன்.

தங்கையிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஆட்டோவில் போனேன். வழியில் எத்தனை வேகத்தடை என்று என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். அக்குபஞ்சர் பார்க்கிற டாக்டரம்மா, இடுப்பு வலிக்காரர்களுக்கென்றே பார்த்து முதல் மாடியில் அறை எடுத்திருந்தார், புண்ணியவதி.

கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று விசாரித்தார். இல்லை என்றதும், "பயப்படாதீங்க சார், தசைப்பிடிப்புதான். தானாவே சரியாகும், கொஞ்ச நாள் ஆகும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் எனக்கு நாள் இருக்கு" என்றேன்.

ஊசி என்றாலே எனக்கு உதறல். இடுப்பில்தான் குத்துவார் என்று சட்டையைத் தூக்கினேன். அவரோ புறங்கையில் இரண்டு ஊசியைச் செருகி, "எழுந்து நடங்க, இடுப்பை மெதுவா அசைங்க" என்றார். கையில் ஊசியோடு அந்த அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையால் இடுப்பை அழுத்தி நீவிவிட்டார். மூன்று நாள் தொடர்ந்து போனதில் வலி பாதியாகக் குறைந்தது.

"உக்காரலாம் சார். குழந்தைய நீங்க குனிஞ்சு தூக்காதீங்க, மடியில வைக்கச் சொல்லுங்க. அது காலை உதைச்சா நான் பொறுப்பில்ல" என்றார் சனிக்கிழமை.

காதுகுத்தில் நான் அன்னநடை நடந்து வந்ததைப் பார்த்து, "இன்னாப்பா, சேர் போடச் சொல்லட்டா?" என்றார் அந்த மாமியாரின் அக்கா. "வேணாம் பெரிம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள்.

நகைக்கடைப் பத்தர் வந்து முதல் காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டு ஓர் உதை விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாரேன், தாய்மாமன் அழுவுறான்" என்று பெரியம்மா முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிட வந்த தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது.

"இடுப்பா? வலி தாங்காமத்தான் அழுதியா அண்ணா?"

"ஆமா" என்றேன். முதல் காதுக்கு அது நிஜம். இரண்டாவது காதைக் குத்தும்போது குழந்தை உதைக்கவே இல்லை. ஊசி போட்ட என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்துத் தேம்பியது. இடுப்பு அப்போது வலிக்கவில்லை. அப்போதும் அழுதேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன்.

"என்ன சார், குழந்தை உதைச்சிடுச்சா?"

"என் மருமக உதைச்சிட்டா மேடம்" என்றேன். "நாளைக்கு வரட்டுமா?"