ஆராயி கேட்ட புதுப் புடவை

முருங்கையை வெட்டிப்போட்ட பிறகு அடிமரத்தில் பச்சை தெரிந்தால், துளுத்துக்கிச்சு என்போம். காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து சோறு கேட்டாலும், நொடித்துப்போன சைக்கிள் கடை மறுபடி திறந்தாலும் விருத்தாசலத்தில் அதே பேச்சுதான். புருசனைப் பறிகொடுத்த பெண்ணைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது. வந்தாலும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம்.

ஆராயிக்கு அப்படிப் பார்த்துக்கொள்ளும் புத்தி கிடையாது.

கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து புருசன் கருப்பன் செத்துப்போனான். கருமாதியன்று அண்ணன் அர்ச்சுனன், முறைப்படி பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போட்டு, தங்கையைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. அறுபத்தேழில் பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிச் சாடியும் கோப்பையும் வார்க்கிற வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சூளைக்குப் போகுமுன் உடைந்த சாமானை யாரும் குப்பையில் கொட்டமாட்டார்கள். தொட்டியில் ஊறப்போட்டுக் கரைத்து மறுபடி வார்ப்பார்கள். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் விருத்தகிரி. அம்மையில் பெண்டாட்டியை இழந்தவன், அதிகம் பேசாதவன். ஆராயியின் உடைசலை வாங்க வரும்போது மட்டும் நாலு வார்த்தை பேசுவான். நாலு நாற்பதாகி, எழுபதாம் வருசத் தைக்குள் இரண்டு பேரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவன் மறுபடி கட்டுவதைப் பற்றி ஊரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஆம்பிளைக்கு யார் கேட்கிறார்கள்?

அவளுக்கும் வழி இல்லாமல் இல்லை. அவர்கள் சனத்தில் புருசன் செத்தவள் இன்னொருத்தனை அறுத்துக் கட்டுகிற வழக்கம் காலங்காலமாக இருந்ததுதான். பழைய தாலியைச் செத்தவன் வீட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். பங்காளிகள் முன்னால் பிறந்த வீடு ஒரு புதுப் புடவை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், கல்யாணம் நடக்கும். அந்தப் புடவை இல்லாமல் கட்டிக்கொண்டால் ஓடிப்போனவள் என்று பெயர். பிறக்கிற பிள்ளைக்குச் சொந்தம் என்று யாரும் படியேறமாட்டார்கள். ஆராயி தாலியை ஒப்படைத்துவிட்டு வந்து அண்ணனிடம் புடவையைக் கேட்டாள்.

அர்ச்சுனன் கெட்டவன் இல்லை. ஆனால் லாரி ஆபீசில் கிளார்க் ஆகி, கெட்டித் தெருவுக்குக் குடி வந்ததிலிருந்து அவனுக்குத் தெருவைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. அந்தத் தெருவில் அறுத்துக் கட்டுவதென்றால் முகத்தைச் சுளிப்பார்கள். முடியாது என்றான். அவள் விடவில்லை. மாதக்கணக்கில் இழுத்துப் பார்த்துவிட்டு, பங்காளிகள் வாயாலேயே முடியாது என்று சொல்லவைக்க அவர்களை வீட்டுக்கு அழைத்தான். அங்கேதான் தப்புப் பண்ணினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா பச்சமுத்து நடுவில். ஆத்தா தங்கம்மாள் அடுப்படி வாசலில். டீ குடித்து முடிந்ததும் அர்ச்சுனன் எழுந்து, தங்கள் வகையறாவில் அந்தப் பழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றான். பச்சமுத்து தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் தங்கம்மாளின் இரண்டாவது கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

ஆமாம், தங்கம்மாள் அறுத்துக் கட்டினவள்தான். அர்ச்சுனனும் ஆராயியும், இப்போது உயிரோடு இல்லாத அந்த இரண்டாவது புருசனுக்குப் பிறந்தவர்கள். கெட்டித் தெருவுக்கு வந்த நாளில், இனி இந்தப் பேச்சு வீட்டில் எழக்கூடாது என்று அர்ச்சுனன் ஆத்தாவிடம் சொல்லிவைத்தான். மகன் போடுகிற சோறு. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆராயி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். பெண்கள் நிற்கிற இடம் இல்லை அது.

"கருமாதிக்குக் கேக்காமயே கோடி போட்டீங்களே அண்ணே, இப்ப வாய்விட்டுக் கேக்குறேன், குடுக்க மாட்டேங்குறீங்க. ஆத்தா அறுத்துக் கட்டலன்னா நீங்க ஏது, நான் ஏது? இது அசிங்கம்னா நம்ம ரெண்டு பேரும் பொறந்ததே அசிங்கந்தான். அதையும் இவங்க முன்னாடியே சொல்லிடுங்க."

அர்ச்சுனனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவளை அடிக்கத்தான் கை ஓங்கினான். பச்சமுத்து உட்காரச் சொல்லி அதட்டியதும் கையை இறக்கிக்கொண்டு ஆத்தா பக்கம் திரும்பினான். இவள் சொல்வது பொய் என்று நீயே சொல் என்றான். கேட்டவன் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

தங்கம்மாள் மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. தீபாவளிக்கு மகன் எடுத்துக் கொடுத்து, இன்னும் கட்டாமல் வைத்திருந்த அரக்குச் சேலையோடு வெளியே வந்தாள்.

"உங்கொப்பன்கூடதான்டா நான் வாழ்ந்தேன். அதுக்கு முன்னாடி செத்துக் கெடந்தேன்," என்றாள் மகனிடம். "இத்தினி வருசம் அந்த மனுசன அறுத்துக் கட்டுனதச் சொல்லவுடாம வாயக் கட்டிப் போட்டுட்ட. இனிமே முடியாது."

பிறந்த வீட்டு ஆண்தான் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தர் முனகினார்.

"பொறந்த வூடுன்னா என்னாங்க? இவளப் பெத்தவ நானு. இவ பொறந்த எடம் இந்த வயிறு," என்றாள் தங்கம்மாள்.

ஆராயி இரண்டு கையாலும் சேலையை வாங்கினாள். அண்ணன் முன்னால் போய் நின்று, அவன் கண்ணைப் பார்த்தபடியே அதை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.