எண்பத்தொன்பதரைக்கு இடமில்லை

பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு ஆவடி குவார்ட்டர்ஸில் பகல் நீண்டுவிட்டது. பட்டாபிராமில் ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும். அந்த மாடியில் அவரைத் தெரியாதவர் யாருமில்லை. ஒரு புரோகிராம் நல்லதா என்பதை அவர் அதன் நீளத்தை வைத்தே சொல்வார்.

மார்க்கைத் தட்டினால் கிரேடு காட்டும் புரோகிராம் ஒன்றை அவரே எழுதியிருந்தார். தொண்ணூறு முதல் நூறு வரை ஏ, எண்பது முதல் எண்பத்தொன்பது வரை பி என்று ஒவ்வொரு கிரேடுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் சோதிக்கும். வகுப்புக்கு ஆள் பிடிப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை நடத்திய கூட்டத்தில் அதைத்தான் பெருமையாகக் காட்டினார்.

நெமிலிச்சேரியிலிருந்து மகளோடு வந்திருந்த ஒருவர் அவளுடைய சராசரியைத் தட்டினார்: 89.5. எதுவும் வரவில்லை. மறுபடியும் தட்டினார்.

“இன்னா சார், எங்க பொண்ணு பாஸா பெயிலா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது.”

பி எண்பத்தொன்பதோடு முடிந்துவிட்டது. ஏ தொண்ணூறில்தான் தொடங்குகிறது. அந்தப் பெண் எதிலும் சேரவில்லை. கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று சொல்லி, மாஸ்டர் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். அப்பாவும் மகளும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் புரோகிராமைத் திருத்தியிருப்பார் என்று நினைத்துப் போனேன். திரைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘அரை மார்க் தட்டக் கூடாது.’

என் பக்கத்தில் உட்காரும் பூந்தமல்லிப் பெண், அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்பவள், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாங்கள் இருவருமே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். பூஜ்யத்துக்குக் கீழே, நூற்றுக்கு மேலே எது வந்தாலும் முதலிலேயே தள்ளிவிட்டோம். மீதியை மேலிருந்து கேட்டோம். தொண்ணூறோ அதற்கு மேலோ என்றால் ஏ. அது இல்லையென்றால், எண்பதோ அதற்கு மேலோ? பி. தொண்ணூறைத் தொடவில்லை என்று முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டதால், மேல் எல்லையை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. 89.5 ஒழுங்காக பி வாங்கியது. புரோகிராமும் சின்னதாகிவிட்டது.

மாஸ்டர் பார்த்தார். “கரெக்டா தான் கீது மேடம். ஆனா கெத்தா இல்லியே. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?”

அடுத்த கூட்டத்தில் எங்கள் புரோகிராம்தான் ஓடியது. மேலும் கீழும் வரிவரியாக நட்சத்திரக் குறிகள், நடுவில் மாஸ்டர் பெயர். நீளம் பழையபடி வந்துவிட்டது. பதில் தெரிந்தே நான் கையைத் தூக்கினேன்.

“சார், எண்பதுக்கு மேலயான்னு மட்டும் கேட்டா, தொண்ணூத்தஞ்சுக்கும் பி வந்துடாதா?”

மாஸ்டர் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டார். “அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும் மேடம்.”

அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் அட்வான்ஸ் கோர்ஸிலேயே நேராகச் சேர்ந்துவிட்டார்கள்.