திருப்பதி மலையிறக்கத்தில் அண்ணன் நிறுத்திய கார்

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஆற்றாமைதான் முதலில் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தென்காசியில். அப்பா தி.நகரில் பாத்திரக்கடை வைத்தபோது குடும்பம் மந்தைவெளிக்கு வந்தது. அப்பா திடீரென்று காலமானதும், அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் மணம் முடித்துக் கொடுத்ததும் அவரே.

தமக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஒரே ஆசை கார் பந்தயம். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் பழைய காரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்துக்கு எடுத்துப் போவார். ஒருமுறைகூடப் பரிசு வாங்கியதில்லை. விரட்டி ஓட்டி அடிக்கடி பிரேக் பிடித்தால், சக்கரத்தின் வட்டத்தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பர் கருகும், பிரேக் ஆயில் பொங்கும், மிதித்தால் பெடல் வெறுமனே கீழே போகும். அதனால் எல்லோருக்கும் முன்னால் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார். சக்கரத்துக்குக் காற்று போவதற்காகப் பம்பரிலிருந்து தகரக் குழாய் செய்து மாட்டினார். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவார். "பயந்தாங்கொள்ளி" என்று நம் வீட்டு விசேஷங்களிலேயே கேலி செய்தார்கள்.

மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் வந்த புதிதில், சித்தப்பா மகளுக்கு வடபழனியில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சித்தப்பா, சித்தி, அண்ணன், நான் நால்வரும் சித்தப்பாவின் காரில் திருப்பதி போனோம். தரிசனம் தாமதமாகி, மறுநாள் நண்பகலில்தான் மலையிறங்கினோம். மாலையில் முகூர்த்தம். சித்தப்பா ஒவ்வொரு வளைவுவரை விரட்டிப் போய்ப் பிரேக்கை அழுத்தினார். கருகல் வாடை வந்தது.

"சித்தப்பா, காலிப்பர் காயுது. ரெண்டாவது கியர்ல போட்டு ஓரமா நிறுத்துங்க."

"சும்மா வாடா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"பெடல் கீழ போகுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சித்தப்பா அடுத்த வளைவை நோக்கி விரட்டினார். அண்ணன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "நிறுத்துங்க! நாம எல்லாரும் உள்ள இருக்கோம்!"

கார் ஒருவழியாக நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. சித்தி தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடினார்கள். "ஊத்தாதீங்க சித்தி, தகடு விரிசல் விட்டுரும்" என்று அண்ணன் தடுத்தார். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சித்தப்பாவைப் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். அருகில் கையை வைத்து வைத்துப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகே எங்களை ஏறவிட்டார். மீதி மலையை அவரே சின்ன கியரில் மெல்ல ஓட்டி இறக்கினார். அடிவாரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மண்டபத்துக்குப் பேசினோம். பயனில்லை. வடபழனி போய்ச் சேர்ந்தபோது, சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருந்தார்கள். சம்பந்தம் முறிந்தது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு "ராசி கெட்டவன்" என்று பெயர். அவர் யாரிடமும் வாதாடவில்லை. நான் வாதாட நினைத்தேன். எதை ஆதாரமாகக் காட்டுவது? ஒன்றும் நடக்கவில்லையே! விபத்து நடந்திருந்தால்தான் அவரை நம்பியிருப்பார்கள் போலும். சித்தப்பா மகளுக்கு மறுவருடமே நல்ல இடம் அமைந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அண்ணனுக்குப் பத்திரிகை வரவில்லை. சில மாதங்களில் காமாலை முற்றி அவர் படுத்தார், எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். திருப்பதியிலிருந்து வந்த கையோடு காரை மெக்கானிக்கிடம் விட்டாராம். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இப்படி ஓட்டிக்கினு வந்துகீறே? காலிப்பர் ரப்பர்லாம் கருகிப் போய் கீது. இன்னும் ரெண்டு வளைவு அப்படியே எறங்கியிருந்தா பிரேக்கே இல்ல சார்" என்றாராம்.

"ஏன் சித்தப்பா அப்பவே சொல்லல?"

"பொண்ணு அழுதுக்கிட்டு இருந்தாம்மா. அப்ப யாரையாவது குத்தம் சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல."

அண்ணன் காதில் அந்த ஒரு வார்த்தை விழுந்திருக்கக் கூடாதா? "இதை எல்லாரும் படிக்கிற மாதிரி ஒருநாள் எழுதுவேன்" என்றேன். "எழுதும்மா" என்றார்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த கடை ஊழியர்களுக்கும், மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைச் சொன்ன சித்தப்பாவுக்கும் நன்றி. காலம் கடந்து சொன்னார் என்பதையும் மறைக்க மாட்டேன். இதைப் படிப்பவர்களில் அண்ணனை ராசி கெட்டவர் என்று பேசியவர்கள் இருப்பீர்கள். ஒருமுறை நேரில் வந்து அண்ணியிடம் பேசுங்கள். அதே மந்தைவெளி வீட்டில்தான் இருக்கிறார்கள்.

— தங்கை